பதினெட்டில் ஒரு பங்கு ஹெமி குடா

மாடல் கார் வாங்கப் போகும்போதெல்லாம் பையில் ஓர் ஆறு அங்குல இரும்பு ஸ்கேலை எடுத்துச் செல்வேன். 1970ஆம் ஆண்டு பிளைமவுத் குடாவின் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை 108 அங்குலம். அதைப் பதினெட்டால் வகுத்தால் மிச்சமே இல்லாமல் ஆறு. பெட்டியில் 1:18 என்று அச்சிட்டிருக்கும் குடாவின் பக்கவாட்டில் அந்த ஸ்கேலைப் பிடித்தால், அதன் இரு முனைகளும் இரு சக்கர மையங்களுக்கு நேராக வர வேண்டும். வந்தால்தான் மற்றவற்றைப் பார்ப்பேன்.

இதிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டு கிரைஸ்லர் நிறுவனம் ஏறக்குறைய ஒரே அடிப்படையில் இரண்டு கார்களைக் கொண்டுவந்தது. பிளைமவுத் பெயரில் புது வடிவில் பாரகுடா, டாட்ஜ் பெயரில் சேலஞ்சர். பாரகுடாவின் வேக வடிவத்துக்குத்தான் குடா என்று பெயர். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் சேலஞ்சரின் சக்கர இடைவெளி 110 அங்குலம். அந்த இரண்டு அங்குல வித்தியாசம் 1:18 அளவில் மூன்று மில்லிமீட்டரைக்கூட எட்டாது. மாடல் தயாரிப்பவருக்கு ஆசை வருவது அங்கேதான்: ஒரே அடித்தட்டு அச்சை வைத்து இரண்டு கார்களையும் வார்த்துவிடலாம். எஃகில் ஓர் அச்சு வெட்ட என்ன செலவாகும் என்று பார்த்தவர்களுக்கு அந்த ஆசை புரியும். ஆனால் வாங்குபவர் அதற்கு முழு விலை கொடுக்க வேண்டியதில்லை. மூன்று மில்லிமீட்டர் தவறினாலே கார் நிற்கும் தோரணை மாறிவிடுகிறது. ஏதோ சரியில்லை என்று கண் சொல்லும், என்ன சரியில்லை என்று சொல்லாது. ஸ்கேல் சொல்லிவிடும்.

எனக்குச் சொந்த ஊர் கோவை. வார்ப்படப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன். இப்போது மிச்சிகனில், உருகிய உலோகத்தை அச்சுக்குள் அழுத்தி வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. பகலில் பெரிய வார்ப்புகளில் எதைத் தேடுகிறேனோ அதையே மாலையில் சிறிய வார்ப்பில் தேடுகிறேன் என்று வீட்டில் சொல்வார்கள். அது உண்மைதான். இந்தக் கார்கள் பிறந்த மண்ணிலேயே வசிப்பது இன்னொரு வசதி. மாடலில் ஒரு சந்தேகம் வந்தால் அசலைத் தேடிப் போய்ப் பார்த்துவிட முடிகிறது. இந்தப் பழக்கத்தில் எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது: மாடல்களைப் பற்றிய விமர்சனங்களைப் படிப்பதைவிட, அசல் காரைப் பற்றிப் படிப்பதுதான் நல்ல மாடலை வாங்க வைக்கிறது. அசலைத் தெரிந்தவரிடம் வெறும் பளபளப்பு எடுபடாது.

குடாவும் சேர்ந்த மசில் கார் என்ற வகை எளிய கணக்கில் பிறந்தது. நடுத்தர அளவுக் காரில் பெரிய காரின் இன்ஜினைப் பொருத்து, விலையை இளைஞர்களுக்குக் கட்டுப்படியாக வை. ஜெனரல் மோட்டார்ஸ் தன் நடுத்தரக் கார்களின் இன்ஜின் அளவுக்கு ஒரு வரம்பு வைத்திருந்தது. ஜான் டிலோரியன் தலைமைப் பொறியாளராக இருந்த போண்டியாக் பிரிவு அந்த வரம்பைச் சுற்றிக்கொண்டு போனது. 1964ஆம் ஆண்டின் டெம்பஸ்ட் காருக்கு 389 கன அங்குல இன்ஜினைக் கூடுதல் வசதித் தொகுப்பாக விற்றது. அதுதான் ஜிடிஓ. அது விற்ற வேகத்தைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் இறங்கினார்கள். ஏறிய வேகத்திலேயே இறக்கமும் வந்தது. காப்பீட்டுக் கட்டணம், புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிறகு 1973இன் எண்ணெய் நெருக்கடி. கிரைஸ்லரின் 426 கன அங்குல ஹெமி இன்ஜினுக்கு 1971தான் கடைசி ஆண்டு. பாரகுடாவின் தயாரிப்பே 1974 ஏப்ரலில் நின்றுபோனது.

1970இல் 426 ஹெமியோடு வெளிவந்த குடாக்கள் மூடிய கூரையில் 652, மடக்குக் கூரையில் 14, அவ்வளவுதான். அந்த இன்ஜினுக்கு மட்டும் கூடுதலாக 871 டாலர் கேட்டார்கள். அன்று அது பெரிய பணம். 1971இல் மடக்குக் கூரை ஹெமி வெறும் 11. அவற்றில் ஒன்று 2014இல் சியாட்டிலில் நடந்த மீகம் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அசல் இவ்வளவு அரிது என்பதாலேயே மாடல் உலகில் ஹெமி குடா எங்கும் கிடைக்கிறது. எல்லா அளவிலும், எல்லா விலையிலும், எல்லாத் தரத்திலும். அதனால்தான் பொறுக்கத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருப்பது 1:18 அளவு, 1970 வருடத்துக் கார், ஊதா நிறம். நீளம் 26 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மிச்சிகனில் குளிர்காலத்தில் மண்டபங்களில் நடக்கும் பழைய பொம்மைச் சந்தை ஒன்றில் வாங்கினேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் பெயரை நம்பி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தத் தொழிலில் அச்சுகளும் வரிசைப் பெயர்களும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அயோவா மாநிலத்தில் 1945இல் பொம்மை டிராக்டர் வார்க்கத் தொடங்கிய எர்டல் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் ‘அமெரிக்கன் மசில்’ என்று ஒரு 1:18 வரிசையைக் கொண்டுவந்தது. இன்று அந்தப் பெயரில் மாடல் தருவது ஆட்டோ வேர்ல்டு. பெட்டியில் இருக்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கார் எந்தக் காலத்து அச்சு, எந்த ஆலையின் வார்ப்பு என்பது தனிக்கதை. கையில் இருக்கும் மாடலைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வேன். ஹெமி இன்ஜினின் உயிர் அதன் எரியறையின் அரைக்கோள வடிவம். இரண்டு வால்வுகளும் அந்தக் கோளத்தின் இரு சரிவுகளிலும் எதிரெதிராக அமர்ந்திருக்கும், நடு உச்சி ஸ்பார்க் பிளக்குக்கு. அதனால் பிளக் வால்வு மூடிக்கு அடியில் போய்விடுகிறது. அதற்குப் போகும் வயர் மூடியைத் துளைத்துக்கொண்டு மேலிருந்துதான் இறங்க வேண்டும். அசல் காரில் பார்த்தால், சொரசொரப்பான கறுப்புப் பூச்சோடு அகன்ற இரண்டு வால்வு மூடிகள், ஒவ்வொன்றின் முதுகிலும் வரிசையாக நான்கு துளைகள், துளைக்கு ஒரு வயர். அதே ஆண்டு அதே காரில் 440 இன்ஜினும் கிடைத்தது. அதன் மூடி குறுகலாக இருக்கும், பிளக்குகள் மூடிக்கு வெளியே கீழ்ப்பக்கத்தில் இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும். பக்கவாட்டில் ஹாக்கி மட்டை வடிவப் பட்டையில் ஹெமி என்று எழுதிவிட்டு, உள்ளே வயர்களைப் பக்கவாட்டில் சொருகியிருக்கும் மாடலை அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வயரின் கனத்தையும் பாருங்கள். அசலில் ஏழு மில்லிமீட்டர் கனமுள்ள பிளக் வயர் 1:18இல் 0.4 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வயரைப் போட்டிருந்தால் அது அசலில் கட்டைவிரல் பருமன் உள்ள வயருக்குச் சமம். என் மாடலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால், இன்ஜினின் முன்பக்கத்தில் இருந்து பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டரிலிருந்து எட்டு வயர்களும் தனித்தனியாகக் கிளம்பி, நான்கு நான்காகப் பிரிந்து, மூடிகளின் முதுகில் இறங்குகின்றன. எதுவும் அந்தரத்தில் முடியவில்லை. அதை அமர்த்திய கைகளுக்கு என் மரியாதை.

அடுத்து, பானெட்டின் நடுவே தலை நீட்டும் காற்று உறிஞ்சி. ஷேக்கர் என்று அதற்குப் பெயர். அது பானெட்டின் பாகம் கிடையாது. இரண்டு கார்புரேட்டர்களின் மேல், இன்ஜினோடு பிணைந்து நிற்பது. பானெட்டில் ஒரு பெரிய துளை வெட்டி அதன் வழியாக அதை வெளியே விட்டிருக்கிறார்கள். இன்ஜின் உறுமினால் பானெட் அசையாது, ஷேக்கர் மட்டும் குலுங்கும். ஆகவே மாடலில் பானெட்டைத் தூக்கும்போது ஷேக்கர் இன்ஜினோடு கீழேயே நிற்க வேண்டும். மலிவான மாடல்களில் அதை பானெட்டில் ஒட்டிவிடுவார்கள், பானெட்டோடு சேர்ந்து மேலே வந்துவிடும். படத்தில் பார்த்து இணையத்தில் வாங்குபவர்கள் பானெட் திறந்திருக்கும் படத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். மூடியிருக்கும் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அசலில் அது குலுங்குவதை நான் பார்த்தது உட்வர்டு அவென்யூவில். டெட்ராய்ட்டின் வடக்கே ஃபெர்ன்டேல் முதல் போண்டியாக் நகரம் வரை, ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, பழைய கார்கள் ஊர்வலமாகப் போகும். 1995இல் ஃபெர்ன்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்கு நிதி திரட்டத் தொடங்கியது, இன்று ஊரே தெருவோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறது. ஒரு கடை வாசலில் ஊதா நிறக் குடா ஒன்று நின்றிருந்தது. பக்கத்தில் அதன் உரிமையாளர், வயதானவர். மாடலைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் மாடலை வாங்கி முதலில் செய்தது தலைகீழாகத் திருப்பியது. வெளிப்பக்கத்தை எல்லாரும் நன்றாகச் செய்வார்கள், அடிப்பக்கத்தைப் பார்த்தால்தான் அசலைப் பார்த்துச் செய்தார்களா என்று தெரியும் என்றார்.

அடிப்பக்கத்தில் அவர் காட்டியவை எனக்குப் பெரிய பாடம். முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் இருக்கக் கூடாது. கிரைஸ்லர் அந்தக் காலத்தில் முறுக்குக் கம்பியைத்தான் முன் சஸ்பென்ஷனுக்குப் பயன்படுத்தியது, நீளவாக்கில் இரண்டு கம்பிகள் ஓடும். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். கைக் கியர் ஹெமியில் பின் அச்சின் நடுவே டானா 60 என்ற பருத்த உருண்டையான பல்சக்கரக் கூடு. எல்லாவற்றையும்விட முக்கியம் பெயின்ட். ஆலையிலிருந்து வந்த காரின் அடித்தளம் பளபளப்பாக இருந்ததே இல்லை. பிரைமர் மங்கலாகத் தெரியும். பக்கவாட்டில் உடல் நிறத்தை அடிக்கும்போது தெறித்த தூவல் ஓரங்களில் ஒழுங்கில்லாமல் படிந்திருக்கும். ஆலைக்கு ஆலை அதுவும் மாறும். அடித்தளம் முழுக்க மினுமினுக்கும் கறுப்பு அடித்த மாடல், பிற்காலத்தில் யாரோ புதுப்பித்த காரைப் பார்த்துச் செய்ததாக இருக்கலாம் அல்லது எதையும் பார்க்காமல் செய்ததாக இருக்கலாம். என் மாடலில் ஓரங்களில் ஊதாத் தூவல் இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் தலையை ஆட்டினார்.

பிறகு தன் காரின் முன்கண்ணாடி வழியே டாஷ்போர்டில் இருக்கும் அடையாள எண் தகட்டைக் காட்டினார். எண் வரிசை BS23R0B என்று தொடங்குவதைத் தமிழில் சொன்னால் பி, எஸ், இருபத்து மூன்று, ஆர், பூஜ்யம், பி. பாரகுடா, குடா வகை, இரண்டு கதவு மூடிய கூரை, 426 ஹெமி, 1970, ஹாம்டிராமிக் ஆலை. ஐந்தாவது இடத்தில் இருக்கும் அந்த ‘ஆர்’ எழுத்துக்குத்தான் ஏலத்தில் லட்சங்கள் போகின்றன. 440 இன்ஜினில் மூன்று கார்புரேட்டர் என்றால் அந்த இடத்தில் ‘வி’ வரும். இது மாடலுக்கு நேரடியாக உதவாவிட்டாலும், அசல் காரின் படங்களை ஒப்பிடத் தேடும்போது மிகவும் உதவும். இணையத்தில் ஹெமி என்று சொல்லிக்கொள்ளும் கார்களில் பிற்பாடு இன்ஜின் மாற்றியவை ஏராளம். எண் தகட்டோடு படம் போட்டிருக்கும் காரை ஆதாரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே பார்க்கும்போது பெடல்களை எண்ணுங்கள். கைத்துப்பாக்கிப் பிடி போன்ற மர வேலைப்பாடுள்ள லீவர் இருந்தால் அது நான்கு கியர் கைமுறை. அப்படியானால் கீழே மூன்று பெடல்கள் இருக்க வேண்டும். இரண்டு பெடல்களோடு அந்த லீவரை வைத்திருக்கும் மாடலைப் பார்த்திருக்கிறேன். சிறு டார்ச்சை ஜன்னல் வழியாக அடித்துப் பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும். விற்பவர்கள் யாரும் இதற்கு மறுப்புச் சொன்னதில்லை.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1970இல் பிளைமவுத் கண்ணைப் பறிக்கும் நிறங்களுக்குக் கேலிப் பெயர்களை வைத்து விற்றது. லெமன் ட்விஸ்ட், வைட்டமின் சி, லைம் லைட், டார்-ரெட். என் காரின் நிறம் இன்-வயலட். அதே ஊதாவை டாட்ஜ் காரில் அடித்தால் பிளம் கிரேஸி. இந்த ஊதா ஒரு மெட்டாலிக் பெயின்ட், உள்ளே பொடி மினுக்கு இருக்கும். மாடல்காரர்களுக்கு இதுதான் சோதனை. அசல் காரின் பெயின்டையே எடுத்து மாடலில் அடித்தால், மினுக்குத் துகள்கள் பதினெட்டு மடங்கு பெரிதாகத் தெரியும். கார் சரிகைப் புடவை கட்டிக்கொள்ளும். துகளை மிக நுணுக்கமாக அரைத்த பெயின்ட் வேண்டும். கை தூரத்தில் பிடித்துப் பார்க்கும்போது துகள்கள் தனித்தனியாகத் தெரியாமல், வெளிச்சம் படும் வளைவில் மட்டும் மினுங்கினால் நல்ல வேலை. அந்தப் பெயின்டும் மெல்லியதாக இருக்க வேண்டும். கதவைச் சுற்றியுள்ள கோடு பெயின்டால் அடைபட்டிருக்கிறதா, கதவின் கைப்பிடி விளிம்பு மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி என்பது அசலில் பதினெட்டு மில்லிமீட்டர், விரலே நுழையும். எந்தக் காரும் அப்படி ஆலையை விட்டு வந்ததில்லை.

இனி உலோகம். இது என் தொழில் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. இந்த மாடல்களின் உடல் பெரும்பாலும் ஸாமக் என்ற கலவை. நியூ ஜெர்சி ஸிங்க் கம்பெனி 1929இல் உருவாக்கியது. ஏறக்குறைய முழுக்கத் துத்தநாகம், நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியம், மிகச் சிறிதளவு மெக்னீசியம். 380 டிகிரியை ஒட்டியே உருகிவிடும், அதனால் எஃகு அச்சு நெடுநாள் தாங்கும். மெல்லிய விளிம்புவரை ஓடி நிரம்பும். கையில் எடுத்தால் தெரியும் அந்தக் கனம் துத்தநாகத்தின் கனம்தான்.

இந்தக் கலவைக்கு ஒரே எதிரி அசுத்தம். ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பே இருக்கிறது. ஈயமோ தகரமோ காட்மியமோ அதற்கு மேல் கலந்துவிட்டால், உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு தொடங்கி, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நடக்கும். உலோகம் உப்பும், விரிசல் விடும், கடைசியில் கையிலேயே உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முன் டிங்கி என்ற பெயரில் வந்த வார்ப்புப் பொம்மைகள் பல இப்படித்தான் போயின. போர்க்காலத்துக்கு முந்தைய சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். பட்டறைத் தரையில் கூட்டிய கழிவையும் உடைந்த பழைய வார்ப்பையும் கொப்பரையில் போட்டு உருக்கும் ஆலை எந்தக் காலத்திலும் இந்த நோயை வரவழைத்துவிடும். வார்ப்படத் தொழிலில் இருக்கும் எவருக்கும் இது தெரியும்.

அறிகுறிகளைச் சொல்கிறேன். பெயின்டுக்கு அடியில் சிறு கொப்புளங்கள். கூரையைத் தாங்கும் மெல்லிய தூண்களின் அடியில் மயிரிழை விரிசல். முன்பு சரியாக மூடிய பானெட் இப்போது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்பது. கதவு இறுகிப்போவது. காரின் நீளவாட்டில் பார்வையை ஓட்டினால் அடித்தட்டு லேசாக வளைந்திருப்பது. மேசைமேல் நல்ல சமதளத்தில் வைத்தால் ஒரு சக்கரம் தரை தொடாமல் நிற்கும். சந்தையில் ஒருமுறை ஓர் இளைஞர் மிகுந்த ஆசையோடு ஒரு பழைய மாடலுக்குப் பணத்தை எடுத்துவிட்டார். பின்கண்ணாடி ஓரத்தில் விரிசல் தெரிந்தது. அதைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன், பார்த்துவிட்டுப் பணத்தைத் திரும்ப வைத்துக்கொண்டார். விற்றவர் முகம் சுளித்தார், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதற்கு மருந்து கிடையாது. பூச்சோ எண்ணெயோ நிறுத்தாது. பக்கத்து மாடலுக்குத் தொற்றிக்கொள்ளும் என்று பலர் பயப்படுகிறார்கள். தொற்றாது, அது வார்த்த அன்றே உள்ளே புகுந்தது. வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும், அவ்வளவுதான்.

‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்ற முத்திரைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். அச்சு விலை உயர்ந்தது என்று மேலே சொன்னேன். அந்தச் செலவை எடுக்க ஒரே அச்சில் நிறம் மாற்றி, பட்டை மாற்றி, சக்கரம் மாற்றித் திரும்பத் திரும்பப் போடுவார்கள். சான்றிதழில் இருக்கும் எண்ணிக்கை பெரும்பாலும் அந்த ஒரு நிறத்துக்கானது. எனக்கு அந்தக் காகிதம் முக்கியமில்லை. ஆண்டெனா உடையாமல் இருக்கிறதா, இரண்டு வைப்பர்களும் இருக்கின்றனவா, பக்கக் கண்ணாடி ஒட்டியது அசலா பிறகு பசை வைத்ததா என்பதைப் பார்த்து விலை பேசுவேன். பெட்டி இருந்தால் நல்லது, கார் நன்றாக இருந்து பெட்டி இல்லாவிட்டால் விலையைக் குறைத்து வாங்குவேன். இந்த ஊர்ச் சந்தைகளில் இன்னொரு சுகம் உண்டு. டிராய் நகரில் இருந்த ஏஎம்டி, டெட்ராய்ட்டின் ஜோ-ஹான் போன்ற நிறுவனங்கள் கார் ஷோரூம்களுக்காகச் செய்து கொடுத்த 1:25 பிளாஸ்டிக் மாடல்கள் இன்னும் மேசைகளில் கிடைக்கின்றன. அசல் காரின் நிறத்திலேயே வார்த்து வாடிக்கையாளருக்குக் கொடுத்தவை. 1968இல் ஹாட் வீல்ஸ் தொடங்கியபோது வந்த முதல் பதினாறு கார்களில் ஒரு பாரகுடாவும் இருந்தது. அதையும் அங்கே கையில் எடுத்துப் பார்க்கலாம், வாங்குவது வேறு கதை.

வீட்டுக்கு வந்தபிறகு கவனிக்க வேண்டியவற்றில் முதலிடம் டயருக்கு. மாடலின் மெத்தென்ற டயர் பெரும்பாலும் பிவிசி. அதை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் காலப்போக்கில் வெளியே கசியும். தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை அது கரைக்கும். காட்சிப் பெட்டியின் தளத்தில் நான்கு டயர் தடங்கள் பதிந்து, காரை எடுக்கும்போது டயர் ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான். சக்கர அச்சுக்கு அடியில் சிறு கட்டை கொடுத்து டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நிறுத்துங்கள். முடியாவிட்டால் டயருக்கும் தளத்துக்கும் நடுவே பாலியெஸ்டர் தாளை நறுக்கி வையுங்கள், அதை இந்த எண்ணெய் தின்பதில்லை. டயர் சப்பையாகாமல் இருப்பதும் கட்டை கொடுப்பதில் கிடைக்கும் லாபம்.

பெட்டியிலேயே பூட்டி வைத்தால் பத்திரம் என்பது முழு உண்மை இல்லை. கதவுகளுக்கு நடுவே சொருகியிருக்கும் பிளாஸ்டிக் தாளை எடுத்துவிடுங்கள், அது நாள்பட்டால் பெயின்டில் தடம் பதிக்கும். தெர்மாகோல் நேரடியாகப் பெயின்டில் படக் கூடாது, நடுவே அமிலமில்லாத மெல்லிய தாள் சுற்றுங்கள். மூடிய கண்ணாடிப் பெட்டியையும் அவ்வப்போது திறந்து காற்றாட விடுங்கள். பிளாஸ்டிக்கிலிருந்தும் டயரிலிருந்தும் கிளம்பும் ஆவி கண்ணாடியின் உட்பக்கத்தில் மங்கலாகப் படியும், காரின் மேலும் படியும்.

மிச்சிகனில் வீடுகளின் நிலவறை கோடையில் ஈரமாகிவிடும். பலர் மாடல்களை அங்கேதான் வைக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. என் அலமாரி மேல்தளத்தில், ஜன்னல் வெயில் நேரடியாக விழாத சுவரில் இருக்கிறது. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதற்காகச் சிறு அளவுமானி ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் சிலிகா ஜெல்லை உள்ளே வைத்து, மாதம் ஒருமுறையாவது காய வைத்து மாற்றுங்கள். உப்புக் காற்றில் திருகுகளும் சிறு ஸ்பிரிங்குகளும்தான் முதலில் துருப்பிடிக்கும். வெயில் படவே கூடாது என்பதில் ஊருக்கு ஊர் விலக்கில்லை. சிவப்பும் ஊதாவும் மற்ற நிறங்களுக்கு முன்னால் வெளுத்துப்போகும்.

துடைக்க மென்மையான முகப்பூச்சுத் தூரிகை போதும். தூசியைத் தட்டிவிட்ட பிறகுதான் துணி, அதுவும் மைக்ரோஃபைபர், காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்தது. முதலில் துணியை வைத்துத் தேய்த்தால் தூசியே மணல் தாளாகிவிடும். எழுத்துகளும் பட்டைகளும் சிலிகான் திண்டால் ஒற்றி அச்சிட்டவை, ஸ்பிரிட் பட்டால் போய்விடும். குரோம் போலத் தெரிவது பிளாஸ்டிக்கின் மேல் ஏற்றிய மெல்லிய படலம், அதைத் தேய்க்கவே வேண்டாம். பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அதன் இழை வைப்பரிலும் ஆண்டெனாவிலும் மாட்டி இழுக்கும். கழுவி உலர்த்திய வெறுங்கை அல்லது இறுக்கமான நைட்ரைல் கையுறை மேல். தூக்கும்போது இரண்டு கைகளாலும் கதவுக்குக் கீழ் உள்ள விளிம்பைப் பிடியுங்கள். கூரையை அழுத்திப் பிடிக்க வேண்டாம், ஷேக்கரைப் பிடிக்கவே வேண்டாம். கதவு இறுக்கமாக இருந்தால் கூர்மழுங்கிய மரக்குச்சியால் அடிவிளிம்பில் நெம்புங்கள். உலோகக் கருவி பட்டால் விளிம்பில் பெயின்ட் சிதறும், அந்த ஊதாவைத் திரும்பக் கலந்து பொருத்துவது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

இப்போது 1971ஆம் ஆண்டின் மடக்குக் கூரை ஹெமி குடா ஒன்றை 1:18இல் தேடிக்கொண்டிருக்கிறேன். 1970இல் பக்கத்துக்கு ஒன்று என்றிருந்த முகப்பு விளக்கு அந்த ஆண்டு இரண்டிரண்டாக மாறியது. முன்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தகட்டில் மீனின் செவுள் மாதிரி நான்கு வெட்டுகள் வந்தன. பக்கவாட்டில் ஹாக்கி மட்டைப் பட்டை போய், பின்பாதி முழுவதையும் மூடும் பெரிய எழுத்துப் பட்டை வந்தது. சந்தையில் நான் இதுவரை பார்த்தவற்றில் ஒன்றில் விளக்குகள் சரி, செவுள்கள் வெறும் அச்சிட்ட கோடுகள். இன்னொன்றில் செவுள்கள் அழகாக வார்த்திருந்தன, இன்ஜின் வயர்கள் பக்கவாட்டில் இறங்கின. அடுத்த சந்தைக்கும் ஸ்கேலோடு போவேன். 1971இலும் சக்கர இடைவெளி அதே 108 அங்குலம்தான்.